பின்வாசலில் விழுந்த சிவப்புப் புள்ளி

எங்கள் அப்பா கட்டிய வீட்டுக்கு இரண்டு வாசல். முன்வாசல் கடைத்தெருவைப் பார்த்தது. பின்வாசல் ஒரு சந்துக்குள் திறந்தது. அந்தச் சந்தில் ஒரு தள்ளுவண்டி வந்தால் எதிரே வருகிறவன் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். அப்பா வீட்டைப் பிரித்தபோது முன்பக்கத்தை அக்காவுக்கும் பின்பக்கத்தை எனக்கும் கொடுத்தார். இருபத்தைந்து வருடமாகியும் இது எனக்கு ஆறவில்லை. செத்துப்போனவரோடு சண்டை போட முடியாது. அதனால் அந்தக் கோபத்தை அப்படியே அக்காவின் வீட்டுக்காரர் மேல் இறக்கி வைத்திருந்தேன். அத்தான் அதைச் சுமந்துகொண்டு சும்மா இருந்தார்.

என் நியாயத்தையும் கேளுங்கள். நான் இரும்பு வேலை செய்கிறவன். கேட், ஜன்னல் கம்பி, மாடிப்படிக் கைப்பிடி. இருபது அடிக் கம்பியை ஏற்றிக்கொண்டு லாரி சந்துக்குள் வராது. தெருமுனையில் இறக்கி, திருப்பத்தில் கம்பியின் தலையைத் தூக்கி வாலைத் தாழ்த்தி, அடுத்த வீட்டு அம்மாவிடம் திட்டும் வாங்கிக்கொண்டு உள்ளே கொண்டுவர வேண்டும். அத்தான் வைத்திருந்ததோ மூக்குக் கண்ணாடிக் கடை. பழுது பார்ப்பார், புது ஃப்ரேமும் விற்பார். அவருடைய மொத்தச் சரக்கையும் இரண்டு பைகளில் போட்டு எடுத்துப் போய்விடலாம். அவர் முடுக்குகிற ஸ்க்ரூ அரிசியில் பாதிகூட இருக்காது. அந்த மனிதருக்கு எதற்குப் பன்னிரண்டு அடி முன்வாசல்?

ஆனால் வேலைக்காரர். அதை நான் கோபத்தில்கூட மறுத்ததில்லை. கல்யாணத்துக்கு முன்னால் ஒரு மரத்தட்டில் ஃப்ரேம்களை அடுக்கி, கழுத்தில் வாரோடு மாட்டிக்கொண்டு, ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கியவர். கடை வந்த பிறகும் பாதி நேரம் நின்றுகொண்டேதான் வேலை பார்ப்பார். யார் பேரும் அவருக்கு நினைவிருக்காது. மூக்குதான் அடையாளம். சரி செய்த கண்ணாடியை ஒரு காகிதக் கவரில் போட்டு மேஜை டிராயரில் வைப்பார். கவரின் மேல் பேர் இருக்காது. ‘இடப்பக்கம் சாய்ந்த மூக்கு, கணக்கு டீச்சர்’, ‘அகல மூக்கு, சிரிக்கவே மாட்டார்’ என்று எழுதியிருக்கும். அந்த டீச்சர் ஒருநாள் கவரைப் படித்துவிட்டார். அத்தான் வெலவெலத்துப் போனார். டீச்சரோ, “முப்பது வருஷமா என் வீட்டுக்காரருக்கே இது தெரியலை,” என்று சிரித்தாராம்.

கடைக்கு ஒரு போர்டு இருந்தது. அதை போர்டு என்று அவர் ஒருவர்தான் சொல்வார். எழுத்து எறும்பு அளவு.

“கண்ணு தெரியாதவங்க வர்ற கடைக்கு இப்படியா எழுதுவாங்க?” என்று கேட்டேன்.

“இதைப் படிக்க முடியுறவங்களுக்கு இங்க வேலை இல்லை, மாப்ளே. அவங்க நேரா போயிடலாம்,” என்றார். விளையாட்டாகச் சொன்னாரா, நிஜமாகவே சொன்னாரா என்று இன்றுவரை தெரியாது.

எட்டு வருடத்துக்கு முன்னால் யாரோ சொல்லிக் கடையை ஃபோன் மேப்பில் ஏற்றினார். முன்கடைக்குள் சிக்னல் கிடைக்காது. ஃபோனைத் தூக்கிக்கொண்டு வீட்டைக் கடந்து வந்து, என் பட்டறை வாசலில், நான் தண்ணீர் வைத்திருக்கும் பீப்பாய் பக்கத்தில் நின்றார். உங்கள் இடத்தைக் காட்டுங்கள் என்று மேப் கேட்டிருக்கிறது. அத்தான் அப்போது நின்ற இடத்தைக் காட்டினார். கேட்டால், “நான் எங்க நிக்கிறேன்னு கேட்டுச்சு. உள்ளதைச் சொன்னேன்,” என்றார். பொய் சொல்லத் தெரியாத மனிதன் கையில் ஃபோன் கிடைத்தால் இப்படித்தான். கடையின் சிவப்புப் புள்ளி என் பின்வாசலில் வந்து குத்திட்டு நின்றது.

முன்வாசலை எடுத்துக்கொண்டது போதாதென்று பின்வாசலுக்கும் வந்துவிட்டாரா என்று எனக்கு எரிந்தது.

அன்றிலிருந்து ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். யார்? கண்ணாடி உடைந்தவர்கள். எதிரே நிற்பது ஆளா தூணா என்று தெரியாமல் ஃபோனை மூக்கோடு ஒட்டி வைத்துக்கொண்டு, சந்துச் சுவரைத் தடவித் தடவி வந்து சேருவார்கள். உள்ளே நான் பொறி பறக்க வெல்டிங் வைத்துக்கொண்டிருப்பேன். ஒரு பெரியவர் உள்ளே வந்து, ஆணியில் தொங்கிய வெல்டிங் கண்ணாடிகளைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

“தம்பி, அந்த ரெண்டாவது மாடலை எடுங்க.”

“ஐயா, அது என்னோடது.”

“பரவாயில்லை, போட்டுப் பார்த்துட்டுத் தர்றேன்.”

போட்டும் பார்த்தார். “ஒண்ணுமே தெரியலையே,” என்று குறைப்பட்டுக்கொண்டார். கையைப் பிடித்து வீட்டைச் சுற்றி முன்பக்கம் கொண்டுபோய் விட்டேன். ஒரு நாளைக்கு மூன்று தடவை, நாலு தடவை. நாலு வருடம் இந்த வழிகாட்டி உத்தியோகம்.

ஒருநாள் மத்தியானம் ஒருவர் வந்தார். அப்போதுதான் பற்றவைத்த கேட்டைச் சுவரில் சாய்த்து வைத்திருந்தேன். இரும்பு ஆறியிருக்கிறதா, கொதிக்கிறதா என்று கண் நன்றாக இருக்கிறவனுக்கே தெரியாது. அந்த மனிதர் பிடிமானத்துக்காக அதில் உள்ளங்கையை வைத்தார். அவர் கத்திய கத்து இன்னும் காதில் இருக்கிறது. பீப்பாய்த் தண்ணீரில் கையை அமுக்கிப் பிடித்தேன். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். அவருடைய உடைந்த கண்ணாடி சட்டைப்பையிலேயே போனது.

அத்தானிடம் போய்க் குதித்தேன். கை சுட்டதைச் சொல்லவில்லை. சொல்ல எனக்கே பயம். “உங்க புள்ளியை என் வாசல்ல இருந்து எடுங்க,” என்று மட்டும் கத்தினேன். அவர், “எடுக்கத்தான் பார்க்கிறேன். எனக்கு வழி தெரியலையே,” என்றார். பதிவு செய்த பழைய ஃபோன் வாளித் தண்ணீரில் விழுந்து செத்து இரண்டு வருடமாகியிருந்தது.

நானே எடுக்கிறேன் என்று என் ஃபோனைத் திறந்தேன். கடையைத் தொட்டால், இங்கே என்ன தவறு என்று கேட்டு ஒரு வரிசை வந்தது. ‘நிரந்தரமாக மூடப்பட்டது’ என்று ஒன்று இருந்தது. அழுத்தினேன். என்னிடம் வேலை செய்கிற இரண்டு ஃபிட்டர்களையும் அவரவர் ஃபோனில் அழுத்தச் சொன்னேன். இந்த வாசலில் இல்லை என்பதைச் சொல்வதாகத்தான் நினைத்தேன். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல மாட்டேன். பாதி தெரியும். மீதியைத் தெரிந்துகொள்ள விருப்பமில்லை.

சில நாளில் சந்து அமைதியாகிவிட்டது. நிம்மதியாக வேலை பார்த்தேன்.

ஒரு வருடம் போனது. அத்தானிடம் ஏதோ மாறியிருந்தது. கடையில் உட்கார ஆரம்பித்தார். காலையில் நான் டீ குடிக்க முன்பக்கம் போனால் மேஜைமேல் பழைய ஃப்ரேம்களைப் பரப்பி, நல்ல ஸ்க்ரூவைக் கழற்றித் திரும்ப மாட்டிக்கொண்டிருப்பார். கழற்றுவார், மாட்டுவார். அக்கா என்னைத் தனியே கூப்பிட்டாள்.

“பழைய ஆளுங்க மட்டும்தான்டா வர்றாங்க. புது முகமே காணோம். பஸ் ஸ்டாண்டு பக்கம் பெரிய கடை வந்திருக்கே, அதனாலதான்னு நான் சொல்றேன். அவர் கேட்க மாட்டேங்குறார்.”

அந்த வாரமே அத்தான் பின்பக்கம் வந்தார். வெல்டிங் வெளிச்சத்துக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு, நான் முடிக்கும்வரை நின்றார்.

“மாப்ளே, முன்பக்கத்தை நீ எடுத்துக்கோ. லாரி நேரா வாசல்ல வந்து நிக்கும்.”

“நீங்க?”

“இங்க ஓரமா ஒரு மேஜை போட்டுக்கிறேன். வர்ற ரெண்டு பேருக்கு அது போதும்.”

இருபத்தைந்து வருடமாகக் கேட்டது. பொய் சொல்லக் கூடாது, உள்ளுக்குள் ஒரு துள்ளு துள்ளியது. மறுநாளே டேப்பை எடுத்துக்கொண்டு முன்வாசலை அளக்கப் போய்விட்டேன். அத்தான் வெளியே போயிருந்தார். ஷட்டர் வைக்கலாமா, மடக்குக் கதவு வைக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது பார்சல் கொண்டுவருகிற பெண் ஸ்கூட்டரை நிறுத்தினாள். தினமும் எங்கள் தெருவுக்கு வருகிறவள். எந்த வீட்டுப் புள்ளி எங்கே தப்பாக விழுந்திருக்கிறது என்பது முழுவதும் அவளுக்கு மனப்பாடம்.

“என்ன அண்ணே, புதுக் கடையா? கண்ணாடிக் கடையைத்தான் மூடிட்டாங்களே.”

“யாரும்மா சொன்னது? கடை நடக்குது.”

“நடக்குதா! மேப்ல ஒரு வருஷமா மூடினதா இருக்கு. நான்கூட வெறும் வீட்டுக்குத்தான் பார்சல் வருதுன்னு நினைச்சேன்.” ஃபோனைக் காட்டினாள். கடையின் மேல் சிவப்பு எழுத்தில் நான் அழுத்திய அதே வார்த்தை. “கண்ணாடி சரி பண்ணணும்னு தேடினா இது வர்றதே இல்லை. பஸ் ஸ்டாண்டு கடைதான் முதல்ல வருது. ஒருத்தர் சொல்லி இப்படி விழாது அண்ணே. மூணு நாலு பேர் சொல்லியிருக்கணும். எவனோ வேலை மெனக்கெட்டுச் செஞ்சிருக்கான்.”

அக்கா உள்ளேயிருந்து வந்துவிட்டாள். “எந்தக் கட்டையில போறவன் செஞ்ச வேலை இது? அவன் கை அழுகிப் போக!”

என் கையில் டேப் பாம்பு மாதிரி சுருண்டு உள்ளே போனது.

“இதைச் சரி பண்ண முடியுமா?” என்று அந்தப் பெண்ணைக் கேட்டேன்.

பண்ணலாம், ஆனால் கடை உண்மையிலேயே இருக்கிறது என்று வீடியோ எடுத்து அனுப்ப வேண்டும் என்றாள். தெரு தெரிய வேண்டும், போர்டு தெரிய வேண்டும், கடைக்காரர் தன் சாவியால் பூட்டைத் திறக்க வேண்டும், உள்ளே கருவிகளைக் காட்ட வேண்டும், நடுவில் நிறுத்தக் கூடாது. போர்டில் இருக்கிற பேரும் மேப்பில் இருக்கிற பேரும் ஒன்றாக இருக்க வேண்டும். மேப்பில் அத்தான் ‘பொறுமையாகச் சரி செய்து தரப்படும்’ என்பதையே கடைப் பேராக எழுதி வைத்திருந்தார்.

“சரி, போர்டு எங்க அண்ணே?” என்று கேட்டாள். அதன் அடியில்தான் நின்றுகொண்டிருந்தாள்.

ஒருத்தருடைய கேட் பாதியில் நின்றது. நிற்கட்டும் என்று தகட்டை எடுத்தேன். மூக்குக் கண்ணாடிக் கடை. மேப்பிலும் இந்தப் பேரையே போட்டுவிடலாம் என்றாள் அந்தப் பெண். பதினோரு எழுத்து. ஒவ்வொன்றும் ஓர் அடி உயரம். எனக்கு எழுத்து அவ்வளவாக வராது, ஐந்தாவதோடு சரி. அக்கா சாக்பீஸால் தரையில் எழுதினாள், அதன்மேல் தகட்டை வைத்து வெட்டினேன். நாலு புள்ளிக்கு நாலு வாஷர். மூன்று நாள் ஆனது. அத்தான் வந்து பார்த்தார்.

“இவ்வளவு பெருசா எதுக்கு? தெருவுல நின்னு கத்துற மாதிரி இருக்கு.”

“கத்தட்டும். நீங்கதான் கத்த மாட்டேங்குறீங்களே.”

அவர் எதிர்ச் சாரிக்குப் போனார். தன் கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, நான் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பிடித்த எழுத்துகளைப் பார்த்தார். இரண்டடி பின்னால் போனார். இன்னும் இரண்டடி. பின்னால் பால் வண்டிக்காரன் மணியடித்தான். திரும்பி வந்து, “அந்த டை மட்டும் கொஞ்சம் தடுமாறுது. மத்தது தெரியுது,” என்றார். ‘டை’யைத் திரும்ப வெட்டினேன்.

மாட்டும்போதுதான் சொன்னேன். நான் ஏணி மேலே. அவர் கீழே ஏணியைப் பிடித்திருந்தார். முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியமில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். மூடியாச்சு என்று அழுத்தியது நான், கூட அழுத்தியது என் ஆட்கள், அதற்கு முன்னால் ஒருவருக்குக் கை வெந்துபோனது, எல்லாம். ஏணி அசையவில்லை. ஏழு எழுத்து முடிந்து எட்டாவதுக்கு ஆணி கேட்டேன். எடுத்துக் கொடுத்தார்.

“ஒரு வருஷமா என் கைதான் போயிடுச்சுன்னு நினைச்சேன், மாப்ளே,” என்றார். “நம்ம வேலை நல்லா இல்லை, அதான் ஆளு வரலைன்னு.”

காலையில் அவர் ஸ்க்ரூவைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தது எதற்கு என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஏணியிலேயே நின்றேன். இறங்கத் தோன்றவில்லை.

அடுத்த ஆணியை நீட்டிக்கொண்டே, “அந்தக் கை சுட்டவர், கண்ணாடியை எங்கயாவது சரி பண்ணிக்கிட்டாரா?” என்று கேட்டார். தெரியாது என்றேன். “அதையாவது கேட்டிருக்கலாம்,” என்றார். அவர் என்னைக் குறை சொன்னது வாழ்நாளில் அந்த ஒரு தடவைதான். அதற்குப் பிறகு பத்து நாள் என்னோடு டீ குடிக்கவில்லை. அக்காவிடம் அவர் சொல்லவில்லை. நானே சொன்னேன். அவள் கரண்டியைக் கையில் எடுத்தாள், அப்புறம் கீழே வைத்தாள். “சாபத்தைத் திரும்ப வாங்க முடியுமான்னு தெரியலையேடா,” என்று அழுதாள்.

முதல் வீடியோ உருப்படவில்லை. பார்சல்காரப் பெண் ஃபோனை நீட்டியதும் அத்தான், “இரும்மா,” என்று மஞ்சள் துணியை எடுத்து ஃபோனின் கண்ணைத் துடைத்தார். அதுவரை சரி. பூட்டைத் திறக்கப் போகையில் தெருவில் ஒருவர் கோணல் கண்ணாடியோடு நடந்து போனார். அத்தானால் தாங்க முடியவில்லை. சாவியை வாயில் கவ்விக்கொண்டு அவரை நிறுத்தி, காது வளைவை அங்கேயே நிமிர்த்திக் கொடுத்துவிட்டு வந்தார். அவருக்கு வீடியோ ஞாபகமே இல்லை. இரண்டாவது தடவை நான் தெருவில் நின்று, யாரும் வராமல் பார்த்துக்கொண்டேன்.

ஒரு வாரத்தில் கடை திறந்திருக்கிறது என்று மேப் ஒப்புக்கொண்டது. புள்ளியை முன்வாசலுக்குக் கொண்டுவந்தாள். திறக்கும் நேரம், மூடும் நேரம், ஃபோன் நம்பர், நின்றுகொண்டே வாங்கிப் போகிற வேலை எது, இரண்டு நாள் ஆகிற வேலை எது, எல்லாம் எழுதினாள். எதிர்ச் சாரியிலிருந்து போர்டைப் படம் பிடித்துப் போட்டாள். அத்தான் மத்தியானம் ஒரு மணி நேரம் கண்ணை மூடிப் படுப்பார். அதையும் எழுதச் சொன்னார். “பூட்டின கதவைப் பார்க்கவா அவ்வளவு தூரம் வருவாங்க?” என்றார்.

அடுத்து, வந்தவர்கள் நாலு வார்த்தை எழுதினால் கடை மேலே வரும் என்றாள். அக்கா உடனே, “அவ்வளவுதானே? எங்க சித்தப்பா வீட்டுல மட்டும் பதினாலு பேர் இருக்காங்க,” என்று ஃபோனை எடுத்தாள்.

“அக்கா, வேண்டாம்! சொந்தக்காரங்க ஒரே நாள்ல எழுதினா கண்டுபிடிச்சிடுவாங்க. வந்தவங்கதான் எழுதணும்.”

அத்தான் கேட்டு வாங்குகிற ஆள் இல்லை. அக்காதான் ஒரு வழி செய்தாள். சரி செய்த கண்ணாடியைப் போட்டதும் படித்துப் பார்க்க ஓர் அட்டை கொடுப்பார்கள் அல்லவா? அந்த அட்டையை மாற்றினாள். ‘எங்கள் கடையைப் பற்றி மேப்பில் நாலு வார்த்தை எழுதுங்கள், நல்லதானாலும் கெட்டதானாலும்’ என்று கடைசி வரிவரை சின்னதாகிக்கொண்டே போகிற எழுத்தில் எழுதி வைத்தாள். வருகிறவர்கள் அதையே வாய்விட்டுப் படித்தார்கள். படித்துவிட்டுச் சிரித்தார்கள். பாதிப் பேர் எழுதினார்கள். ஒருவர் எழுதியது: ‘கடை முன்பக்கம்தான். பின்பக்கம் போகாதீர்கள், அங்கே ஒரு முரடர் இருக்கிறார்.’ அதை எடுக்கச் சொல்லி நான் யாரிடமும் கேட்கவில்லை.

புது முகங்கள் வந்தன. அத்தான் மறுபடி நின்றுகொண்டு வேலை பார்த்தார். முன்பக்கத்தைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் வாயைத் திறக்கவில்லை. ஒருநாள் என்னைக் கூப்பிட்டு ஒரு கவரைக் கையில் கொடுத்தார். அதன்மேல் மூக்கைப் பற்றி ஒன்றுமில்லை. ‘உள்ளங்கையில் தழும்பு’ என்று இருந்தது. “சாயங்காலம் வருவார். நீயே குடு,” என்றார். கொடுத்தேன். அந்த மனிதர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். “ஓ, நீங்கதானா,” என்றார். மன்னிப்புக் கேட்டேன். கையை விரித்துக் காட்டி, “இப்ப வலி இல்லை,” என்றார்.

இப்படி மூன்று வருடம். இந்த வருடம் அத்தானுக்கு நெஞ்சு பலவீனமாகி, ஆஸ்பத்திரியிலிருந்து திருப்பி அனுப்பிவிட்டார்கள். கடைக்கு அடுத்த அறையில் கட்டில் போட்டோம். கதவைத் திறந்து வைத்தால் மேஜையும் டிராயரும் தெரியும். புது வேலை எடுக்கவில்லை. முடித்த வேலைகளை அக்கா எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

ஒரு மத்தியானம் நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அக்கா அடுப்படியில் இருந்தாள். அத்தான் கண்ணைத் திறந்தார்.

“டிராயர்ல எத்தனை கவர் இருக்குன்னு பாரு.”

எழுந்து போய்ப் பார்த்தேன். “ஏழு.”

“படி.”

எழுத்துக் கூட்டிப் படித்தேன். ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினார். சிரிக்கவே மாட்டாத அகல மூக்குக்காரர் இன்னும் வாங்கிக்கொண்டு போகவில்லை. அதற்கு மட்டும் லேசாகச் சிரித்தார்.

“ஏழு பேரும் வந்து வாங்கிட்டுப் போகட்டும். வரலைன்னா நீ தேடிப்போய்க் குடு. கடைசிக் கவர் போன அன்னிக்கு, அந்த ஃபோன்ல மூடியாச்சுன்னு நீயே போட்டுடு, மாப்ளே. மறந்துடாதே. யாரோ ஒருத்தர் கண்ணு தெரியாம, சுவரைப் பிடிச்சுக்கிட்டு அவ்வளவு தூரம் நடந்து வந்து பூட்டைத் தடவிப் பார்த்துட்டுத் திரும்பக் கூடாது.”